ஐம்பத்தொரு டொலர் கொடை

மே 2, வெள்ளி

குளிர் தொடங்கிவிட்டது. குப்பைத் தொட்டி வெளியே வைத்தாயிற்று. மழை வரும்போல, வரவில்லை.

கட்சிகளுக்குப் பணம் எப்படி வரவேண்டும் என்று ஆஸ்திரேலியப் பாராளுமன்றக் குழுவொன்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. மாத முடிவுக்குள் அனுப்பவேண்டும். நான் எழுதலாம் என்று நினைக்கிறேன். யார் வாசிக்கப்போகிறார்கள் என்பது வேறு விஷயம். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ தேர்தலுக்கு வாக்குச்சாவடிப் பொறுப்பாக இருந்தவன். ஒரு கருத்தாவது இருக்கவேண்டும். இந்தக் கொப்பியில் இனி வரப்போவது:

1. பெரிய கொடைக்குத் தடை. கம்பனி, தொழிற்சங்கம், பணக்காரன் எவரானாலும்.
2. வாக்குக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கட்சிகளுக்குக் கொடுக்கும் பணமும் நிறுத்தப்படவேண்டும். என் வரியில் அவர்களுக்குப் பலூன் வேண்டாம்.
3. சாதாரண சனம் கொடுக்கும் சிறு தொகை மட்டும். சிறு தொகை கொடுப்பவன் பதிலுக்கு எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அது சுத்தமான பணம்.
4. கதிரைக்கு விலைபோட்டு நடத்தும் இராச்சாப்பாடுகள் ஒழியவேண்டும்.
5. கொடுத்த எல்லார் பெயரும் வெளியே தெரியவேண்டும். இப்போது ஒரு எல்லைக்குக் கீழே கொடுத்தால் பெயரே தேவையில்லையாம்.

பின்னேரம் மருமகன் சுதன் (இனி சு.) வேலையால் வந்ததும் வராததுமாக: "மாமா, அடுத்த வெள்ளி ஒரு டின்னர். எம்.பி. வாறார். எங்கட தமிழ்ச் சங்கம் ஒரு மேசை எடுத்திருக்கு. உங்களுக்கும் ஒரு கதிரை."

நாலாவது பந்தியின் மை காயவில்லை.

மே 3, சனி

முழங்கால் வலி. மருந்து இரண்டு வேளை.

சு. காரணத்தை விளக்கினார். காரணம் என் தங்கை பாக்கியம். வெள்ளவத்தை லொட்ஜில் ஒற்றை அறை. லொட்ஜில் தங்கும் தமிழர் பொலிஸில் பதியவேண்டும்; அந்தப் பதிவென்றால் அவளுக்குப் பயம். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அங்கே யாருமே இல்லை. விசா கேட்டோம், மறுத்தார்கள். மேன்முறையீடும் தோற்றது. இனி அமைச்சர் தானாக இரங்கினால்தான். அந்த மனு இந்த மாதம் 30ஆம் தேதி வக்கீல் மூலமாகப் போகிறது. கூடவே எம்.பி. ஒருவரின் ஆதரவுக் கடிதமும் இருந்தால் நல்லதாம்.

"மாமா, நீங்கள் அவவின்ர அண்ணன். நீங்கள் கேட்டாத்தான் எடுபடும். பேரைச் சொல்லுங்கோ, ஃபைல் நம்பரைச் சொல்லுங்கோ. ஒரு நிமிஷம்."

"காசு குடுத்துத்தான் கேக்க வேணுமோ?"

"காசு கதிரைக்கு. கேக்கிறது ஃப்ரீ."

மகள் வதனி குசினியிலிருந்து: "அப்பா, உங்கட கொள்கையை ஒரு இரவுக்கு ஃபிரிட்ஜுக்குள்ள வையுங்கோ. பழுதாப்போகாது."

சரி. போகிறேன். பாக்கியத்துக்காக மட்டும்.

மே 6, செவ்வாய்

ஒன்று, இரண்டு, மூன்று எழுதி முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது. ஆகவே எங்கோ பிழை இருக்கும்.

சங்கத் தலைவர் கந்தசாமி ரெலிபோன் எடுத்தார். "அண்ணை, கதிரைக் காசு வேற, அன்பளிப்பு வேற. வெறுங்கையோட போகேலாது. எல்லாரும் என்வலப் கொண்டு வாறம். ஐம்பத்தொண்டு, நூற்றியொண்டு, அவையவையின்ர வசதி."

அது கட்சி, கலியாணவீடு இல்லை என்றேன்.

"அதுக்கென்ன? பேரை வடிவா எழுதிப்போடுங்கோ. பேரில்லாத என்வலப் அநாதைப் பிணம் மாதிரி. ஊரையும் போடுங்கோ, எங்கட மேசையில மூண்டு சிவலிங்கம்."

"இப்ப இருக்கிற ரோவில் எண்டு போடவோ, பிறந்த கரவெட்டி எண்டு போடவோ?"

"ரோவிலில ரெண்டு பேர். கரவெட்டி போடுங்கோ."

ஆஸ்திரேலியக் கட்சி ஒன்றின் தேர்தல் நிதிக்குக் கரவெட்டி சிவலிங்கம்.

மே 9, வெள்ளி

இரவு. எல்லாவற்றையும் உடனே எழுதிவிடவேண்டும். காலையில் எழுதினால் என்னை நல்லவனாக எழுதிவிடுவேன்.

மண்டபம்: கட்சி நிறத்தில் பலூன். (பந்தி 2 பார்க்க.) கந்தசாமி தன் மகளின் கலியாணத்தில் என்வலப் போட வைத்த தங்கத்தாள் சுற்றிய பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார். கட்சிக்காரப் பெட்டை ஒருத்தி ஓடிவந்து இங்கிலிஷில் கேட்டாள்: "யாருக்குப் பிறந்தநாள்?" கந்தசாமி தலைநிமிர்ந்து, "அன்பளிப்பு" என்று தமிழிலேயே சொன்னார். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

சாப்பாடு: ஒருவர் விட்டு ஒருவராக மாடு, கோழி, மாடு, கோழி என்று வைத்துக்கொண்டே போனார்கள். யாருக்கு எது வேண்டும் என்று கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத மரக்கறிக்காரன் எனக்கு அவித்த பூசணி ஒரு துண்டு. உப்பில்லை.

பேச்சு: "உழைக்கும் குடும்பங்கள்" எத்தனை தடவை! கை தட்டியவர்களில் உழைக்கும் குடும்பம் எங்கள் மேசை மட்டும்தான் போலிருந்தது. ஏலம்: யாரோ கையெழுத்துப் போட்ட கிரிக்கெட் மட்டை, பிறகு ஒரு மந்திரியோடு மதியச் சாப்பாடு. வெட்கமில்லாமல் மேடையில் வைத்தே விற்றார்கள். மாட்டுச் சந்தையிலாவது விற்பவன் துவாய்த் துண்டுக்குக் கீழே விரலைப் பிடித்து விலை பேசுவான். அந்தக் கூச்சம்கூட இல்லை.

எம்.பி. எங்கள் மேசைக்கு வந்தார். எல்லாரும் எழும்பினோம். படமெடுக்கத் தள்ளுப்பட்டதில் என் மூக்குக்கண்ணாடி கோணிவிட்டது. குளியலறையில் ஒரு கிழமையாகப் பாடமாக்கிய இரண்டு வசனம் எனக்கு. "சேர்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே எனக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்தபடி, "உங்கள் கறியென்றால் எனக்கு உயிர்" என்றார். மேசையில் கறி இல்லை. பூசணிதான். நானும் "தாங்க் யூ சேர்" என்றேன். எதற்கு நன்றி? இன்னும் யோசிக்கிறேன்.

அடுத்த மேசையில் ஒரு கட்டடக் கொன்ராக்டர். மூன்று மேசை அவருடையதாம். பெட்டியில் எதுவும் போடவில்லை, எவரோடும் படமெடுக்கவில்லை, ஏலத்தில் கை தூக்கவில்லை. ஐஸ்கிரீம் வந்ததும் எம்.பி. தானாகப் போய், கதிரையைத் திருப்பிப் போட்டு அவர் பக்கத்தில் இருந்தார். ஐஸ்கிரீம் உருகி முடியும்வரை இருவரும் தலைக்குத் தலை முட்டக் கதை.

சு. என் காதுக்குள்: "மாமா, கேட்டீங்களோ?"

"ஓம்" என்றேன். பொய்.

அதற்குப் பிறகு செய்ததையும் எழுதவேண்டும். வெளியே போகும் சாட்டில் பெட்டியடிக்குப் போனேன். என் என்வலப் இன்னும் கோட்டுப் பையில். முன்பக்கம்: க. சிவலிங்கம், கரவெட்டி. பின்பக்கம் வெறுமை. பேனையை எடுத்துப் பாக்கியத்தின் முழுப்பெயர், ஃபைல் நம்பர், "ஆதரவுக் கடிதம் தயவுடன் வேண்டப்படுகிறது", என் ரெலிபோன் நம்பர் எல்லாம் இங்கிலிஷில் எழுதினேன். வாயால் வராதது பேனையால் வந்தது. போட்டுவிட்டு வந்து மிச்சப் பூசணியையும் சாப்பிட்டேன்.

மே 10, சனி

மழை. நான்காம் பந்தி எழுதினேன். கடுமையாக, ஒரே மூச்சில், நாலு பக்கம். கறி பற்றி ஒரு வசனம்; வெட்டினேன்; திரும்பச் சேர்த்தேன்.

மே 14, புதன்

ரெலிபோன் கார்ட் வாங்கிப் பாக்கியத்துக்கு அழைப்பு எடுத்தேன்.

"அண்ணை, கடிதம் கிடைச்சிட்டுதோ?"

"கிடைக்கும். ஆளைச் சந்திச்சனான்."

"என்ன சொன்னவர்?"

"...நல்ல மனிசன்."

"நான் ரெண்டு பையும் கட்டிப்போட்டன். லொட்ஜ்காரன் சிரிக்கிறான், இந்த அம்மா ஒவ்வொரு மாசமும் கட்டி அவிழ்க்கிறா எண்டு. அவிழ்க்கவோ, விடவோ?"

"விடு" என்றேன். கார்ட் முடிந்துவிட்டது. முடிந்தது நல்லதென்று நினைத்தேன்.

மே 19, திங்கள்

எம்.பி. அலுவலகத்திலிருந்து ரெலிபோன். நாளைக்கு வரமுடியுமா என்று ஒரு பெண். சு. குதித்தார்: "பாத்தீங்களோ மாமா! சாப்பாடு வேலை செய்யுது!" வதனி பாயசம் வைத்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. எனக்கும் சந்தோஷம்தான். ஐம்பத்தொன்று அதிகமில்லை என்றுகூட நினைத்தேன்.

மே 20, செவ்வாய்

வதனி காரில் இறக்கிவிட்டுப் போனாள். கடைவரிசையில் ஒரு கண்ணாடிக் கதவு. பக்கத்தில் மீன்பொரியல் கடை. உள்ளே ஒரு நடுத்தர வயதுப் பெண், அலுவலகப் பொறுப்பாளர். மரியாதையாக இருத்தினாள். மேசையில் பிளாஸ்ரிக் உறைக்குள் என் என்வலப்.

அவள் சொன்னது (இங்கிலிஷில், மெதுவாக, எனக்கு விளங்காதென்று நினைத்து): இந்தப் பணத்தைத் திருப்பித் தருகிறோம். ஒரு வேண்டுகோளோடு சேர்ந்து வந்த பணத்தைத் தொடமுடியாது. மற்ற என்வலப்களில் பெயர் மட்டும்தான். உங்களுடையதில் விசா கோப்பு இலக்கம்.

"கடிதம்?" என்றேன்.

"அதுதான் வருத்தம். நீங்கள் சும்மா இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டிருந்தால் அன்றைக்கே எழுதியிருப்போம். இப்படிக் கேட்க எத்தனையோ பேர் வருகிறார்கள். இதற்கு ஒரு சதமும் இல்லை. இப்போது எம்.பி. எழுதினால், வாங்கிக்கொண்டு எழுதியதாக ஆகிவிடும்."

நான் சொல்லியிருக்கவேண்டியவை:
அ. கொன்ராக்டர் என்ன எழுதிக் கொடுத்தார்?
ஆ. மந்திரியோடு சாப்பிட ஏலத்தில் எடுத்தவன் எதைப் பற்றிக் கதைப்பான்? பூசணியைப் பற்றியா?
இ. எழுதாமல் கேட்பது சுத்தம், எழுதிக் கேட்டால் அழுக்கோ?

சொன்னது: "சொறி மிஸ்."

பாவம், அவள் கெட்டவள் இல்லை. வேறு கட்சியின் மேலவை உறுப்பினர், செனற்றர் ஒருவரின் அலுவலக விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தாள். எழும்பும்போது, "சேர், அங்கே பணம் கொண்டுபோகாதீர்கள்" என்றாள்.

வீட்டில் சொல்லவேண்டி வந்தது. சு. தலையில் கை வைத்தார். "மாமா, பின்பக்கத்திலயோ எழுதினனீங்கள்? லஞ்சத்துக்கு ரிசீட் எழுதிக் குடுத்த முதல் ஆள் நீங்கள்தான்."

வதனி: "விடுங்கோ. அப்பாட முகத்தைப் பாருங்கோ."

கந்தசாமிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ரெலிபோனில்: "அண்ணை, பேரும் ஊரும் போடச் சொன்னனான். விண்ணப்பம் போடச் சொன்னனானோ?"

பாயசம் மிச்சம் இருந்தது. யாரும் தொடவில்லை.

மே 21, புதன்

ஐந்தாம் பந்தி. பெயர் வெளியே தெரியவேண்டும் என்று எழுதிக்கொண்டே போக, பேனை நின்றுவிட்டது. அந்தச் சபையில் பெயரோடு, ஊரோடு, தேவையோடு கொடுத்தவன் நான் ஒருவன்தான். அகப்பட்டவனும் நான்தான். ஆனாலும் பந்தி சரி. பிழை பெயரில் இல்லை. வைத்துக்கொண்டேன்.

இரவு நித்திரை இல்லை. பாக்கியத்தின் இரண்டு பைகள். எம்.பி.யை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன், கொன்ராக்டரையும். சுகமாக இருந்தது. பிறகு சுகமாக இல்லை.

மே 23, வெள்ளி

வெயில், ஆனால் குளிர்காற்று. தனியாகவே போனேன். பஸ், ரெயின், பிறகு நடை. சு. லீவு போட்டுக் கூட வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன்.

செனற்றர் இல்லை. ஒரு இளம்பிள்ளை இருந்தான், கழுத்துப்பட்டி தளர்ந்தபடி. பாடமாக்கிய இரண்டு வசனத்தையும் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவன் ஃபைல் நம்பரை எழுதிக்கொண்டான். பாக்கியத்துக்கு உடம்பில் என்ன வருத்தம், லொட்ஜில் எத்தனை காலம், வேறு சொந்தம் உண்டா என்று கேட்டான். நல்ல கேள்விகள். செவ்வாய்க்கிழமை கடிதம் நேரே வக்கீலுக்குப் போகும் என்றான். முப்பதாம் தேதிக்குள்.

அவ்வளவுதான். கதவு, கதிரை, கேள்வி, கடிதம். பலூன் இல்லை.

எழும்பி நன்றி சொன்னேன். அவன் கை நீட்டினான். என் வலது கை அவன் கைக்குப் போகவில்லை; கோட்டுப் பைக்குள் போனது. உள்ளே என்வலப். அதே ஐம்பத்தொன்று, புது உறையில், முன்பக்கம் பெயர், ஊர். பின்பக்கம் வெறுமை. காலையில் வீட்டில் வைத்து நானே போட்டு ஒட்டியது. "தேவைப்பட்டால்" என்று.

வெளியே எடுக்கவில்லை. கை குலுக்கிவிட்டு வந்தேன். ரெயினில் முழுக்க அந்தப் பையை அமத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கருத்துப் பத்திரத்தை எடுத்தேன். 1, 2, 4, 5 நிற்கலாம். அவற்றில் திட்டப்படுகிறவர்கள் திட்டப்படவேண்டியவர்கள். சிறு தொகைக்காரன் பதிலுக்கு எதையும் எதிர்பார்ப்பதில்லை என்ற 3 பிழை. நான் சிறு தொகைக்காரன். அந்த ஐம்பத்தொரு டொலரில் ஒரு சதமும் கட்சிக்காகக் கொடுத்தது இல்லை.