பட்டியலில் எட்டாவது பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் மகளும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். கோபம் உச்சந்தலைக்கு ஏறி நிற்கிறது. ஆனாலும் உன் நலம் விசாரிக்காமல் கடிதத்தைத் தொடங்கக் கை வரவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்த கை, என்ன செய்வது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் "அட விடுக்கா" என்று சிரிப்பாய், நானும் விட்டுவிடுவேன். இத்தனை வருடமாக அதுதான் நடக்கிறது. அதோடு, போனில் அனுப்ப முடியாத ஒரு பொருளையும் இந்த உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் முழுவதும் படி.

பட்டியல் விவகாரத்துக்கு வருகிறேன். ஆளுயர வயலின் மாதிரி நிற்கிற நம் டபுள் பேஸை வாசிப்பவர்களைப் பேட்டி எடுத்து பாட்காஸ்ட் போடப் போகிறேன், எட்டுப் பேரை நீயே தேர்ந்தெடுத்துக் கொடுக்கா, உன் பட்டறைக்கு வராத பேஸ் ஏது என்று கேட்டாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். இரண்டு மாதம் அதே வேலையாக இருந்தேன். தந்தியைத் தாங்கும் குதிரைக்கட்டை சாய்ந்துவிட்டது, தந்தி இரைகிறது என்று வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். யாரிடம் சொல்ல விஷயம் இருக்கிறது, யாரிடம் வெறும் வாய் இருக்கிறது என்று சலித்து எடுத்தேன். ஏழு பேர் தேறினார்கள், பட்டறையில் நான் கூப்பிடுகிற பட்டப்பெயரிலேயே எழுதினேன். எட்டாவது இடத்தை யோசித்து எழுதுகிறேன் என்று காலியாக விட்டு அனுப்பினேன்.

நீ அதைத் திருத்தி அனுப்பிய லட்சணம் இருக்கிறதே! 'ஏணி'க்கு எதிரே "குரல் கரகரப்பு, கேட்கிறவன் ஓடிடுவான்" என்று எழுதியிருக்கிறாய். கச்சேரி நடுவில் மின்சாரம் போய், ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் ஸ்தம்பித்தபோது, இருட்டில் ஒற்றை ஆளாக ஒரே கீழ் சுரத்தை இழுத்துக்கொண்டு நின்ற பெண்மணி அவள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அவளுடைய குரலா உனக்குப் பிரச்சினை? 'தூங்குமூஞ்சி'க்கு எதிரே "இவரை யாருக்குத் தெரியும்" என்று கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு நூற்றுப்பத்து தாள அளவு மௌனத்தையும் பிசகாமல் எண்ணுகிற மனுஷன். வரிசையில் உள்ள மற்ற எல்லோரும் அவர் தோள் அசைகிறதா என்று பார்த்துத்தான் வில்லைத் தந்தியில் வைக்கிறார்கள். 'மூணாவது மாடி'க்கு எதிரே, இணையத்தில் அவருக்குப் பின்னால் இருநூறு பேர்கூட இல்லை என்று குறிப்பு. பின்னால் ஆள் வேண்டுமென்றால் ஊர்வலம் நடத்து, பேட்டி எதற்கு?

இந்த மூன்று பேரையும் அடித்துவிட்டு நீ சேர்த்திருக்கும் ஆட்கள் யார் என்று பார்த்தேன். அதில் ஒருவர், போட்டோவில் எப்போதும் பேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறவர். அவர் வாத்தியத்தைப் பராமரிப்பது நான்தான். நான்கு வருடமாக அதே தந்திகள், தேயவே இல்லை. வாசித்தால்தானே தேயும்!

இதோடு நின்றிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் பட்டறைக்குள் போனும் கையுமாக வந்தாள். "அம்மா, மாமாவோட முன்னோட்டம் வந்திருக்கு, கேளேன், செம காமெடி" என்று சத்தமாக வைத்தாள். ஆர்கெஸ்ட்ராவில் வாத்திய அறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டோர்க்காரர் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றபின் செவ்வாய்தோறும் என்னிடம் டீ குடிக்க வருவார். நான் ஒரு குதிரையை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நீ பேசியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன். "எங்க ஆடிஷனுக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. பேஸ் முழுக்க ஒரு சுரம் மேல ஏறி நிக்குது. அதுகூடத் தெரியாம ஜோரா வாசிச்சுட்டுப் போச்சு. திரைக்குப் பின்னால இருந்தவங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்களாம். காதை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வந்திருக்கும்போல." போதாததற்குப் பின்னணியில் சிரிப்புச் சத்தம் வேறு ஒட்டியிருக்கிறாய். முழுக் கதையும் பதினைந்தாம் தேதி முதல் பகுதியில் வருகிறதாம்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரும்மா அந்த லூசு? உனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று கேட்டாள். நான் ஒரு காலத்தில் ஆடிஷனுக்குப் போனேன் என்பதே அவளுக்குத் தெரியாது. தெரியாதும்மா என்று சொல்லிவிட்டுத் தேய்த்தேன், தேய்த்தேன், குதிரை ஒரு பக்கம் அளவுக்கு மீறி இறங்கிப் பாழாகிவிட்டது. வேறு மரத்தில் புதிதாக வெட்டினேன்.

அந்த லூசு யாரென்று உனக்குத் தெரியும். ஆனால் சிரித்துச் சிரித்து நீ கதையை மாற்றி வைத்திருப்பாய். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீட்டில் நம் இரண்டு பேருக்கும் ஒரே பேஸ். தனி வாசிப்புக்கு நாலு தந்தியையும் ஒரு சுரம் மேலே ஏற்ற வேண்டும். ஆர்கெஸ்ட்ரா வாசிப்புக்கு இறக்க வேண்டும். யார் ஏற்றி வைத்தார்கள் என்று தினமும் நாம் முடியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, என் பள்ளிக்கூடத்து ஜடை ரிப்பனில் ஒரு சாண் வெட்டி அம்மா ஒரு சட்டம் போட்டாள். ஏற்றினால் பேஸின் தலையில் சிவப்பு ரிப்பனைக் கட்டு. இறக்கினால் அவிழ். ரிப்பன் இல்லையென்றால் சுருதி இறங்கியிருக்கிறது, கேள்வியே கிடையாது. பத்து வருடம் அந்த ஒரு சாண் துணியை நம்பித்தான் இருவரும் வாசித்தோம்.

ஆர்கெஸ்ட்ராவில் காலியாக இருந்த ஒரே இடத்துக்கான ஆடிஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் நீ தனி வாசிப்புப் பாடம் பண்ணினாய். மறுநாள் எனக்குக் காலையில், உனக்கு மதியத்துக்கு மேல். நான் பேஸை வேனில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனேன். தலையில் ரிப்பன் இல்லை. தந்திகளை ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்த்தேன், சரியாக இருந்தன. இருக்காதா பின்னே, நாலையும் ஒரே அளவு ஏற்றியிருந்தாயே! வாசிப்பது யாரென்று தெரியாமலிருக்கத் தேர்வாளர்களை மறைத்துக் கட்டிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். என் வாழ்நாளில் அதைவிட நன்றாக நான் வாசித்ததில்லை. பதினாறாவது தாள அளவிலேயே மணி அடித்தார்கள். போதும், நன்றி என்றார்கள். யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பேஸை உனக்காக வாத்திய அறையில் வைத்துவிட்டு, வழியெல்லாம் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உனக்கு வேலை கிடைத்தது. நியமனக் கடிதம் வந்தது. அதற்கு மறுநாள் துணி துவைக்கும்போது உன் சட்டைப் பையில் ரிப்பன் இருந்தது. ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த அறையில் அம்மா போனில் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, என் பையன் ஜெயித்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்ல? மறந்துவிட்டான், சின்னப் பையன், அன்றைய பதற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறந்ததற்காகவா தம்பியைத் தண்டிப்பது? அடுத்த இடம் காலியாக ஆறு வருடம் ஆயிற்று. அதற்குள் திரை என்றாலே அந்தப் பக்கம் போகாதவளாகிவிட்டேன். வாசிப்பதை விட்டு, வாசிப்பவர்களுடைய வாத்தியத்தைப் பழுதுபார்க்கிறேன். அதில் எனக்குக் குறையில்லை, யாரிடமும் அழவும் இல்லை. பத்தொன்பது வருடம் இந்த வாயைத் திறந்தேனா?

ஆனால் செவ்வாய்க்கிழமை மகள் கிளம்பிப் போனபின் ஸ்டோர்க்காரர் டீயைக் கீழே வைத்தார். "இந்தக் கதையை அவன் சொல்லலாமாம்மா?" என்று கேட்டார். அப்புறம் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அன்று மதியம் நீ பேஸை எடுத்ததும் சுருதி ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தாயாம். அவர் எதிரிலேயே இறக்கினாயாம். காலையில் நடந்தது என்ன என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்கிறது. "வாத்தியக் கோளாறுன்னா இன்னிக்கே இன்னொரு வாய்ப்பு உண்டு, அறிவிப்பிலயே போட்டிருக்கு. நான் போய்ச் சொல்லட்டுமா, அக்காவைக் கூப்பிடுவாங்க" என்று கேட்டாராம். நீ, "வேண்டாங்க. அக்காவே ஏத்திட்டு மறந்துட்டா. மனசு உடைஞ்சு போயிருக்கா, மறுபடி கூப்பிட்டா தாங்கமாட்டா" என்றாயாம்.

அடப்பாவி!

இத்தனை வருடமும் நான் மன்னித்தது ஒரு மறதியை. நீ மறக்கவில்லையே! காலையில் மறந்தாய், சரி. மதியம் உன் விரலால் ஒவ்வொரு தந்தியாக இறக்கும்போது உனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போன் போட்டால் அரை மணியில் நான் ஓடி வந்திருப்பேன். தாங்கமாட்டாளாம்! என்ன தாங்கமாட்டேன் என்று நீ யார் முடிவு பண்ண? நீ பயந்தாய். நான் மறுபடி வாசித்தால் அந்த நாற்காலி யாருக்குப் போகும் என்று உனக்குத் தெரியும். நீ மட்டமாக வாசிக்கிறவன் என்று சொல்லவில்லை. நன்றாக வாசிக்கிறவன்தான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. நேராக ஜெயிக்கக்கூடியவன் நீ.

அதைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். நாலு பேர் சிரிக்க அதையே கதையாக்கி, என் மகளையே என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டாய். உனக்கு வெட்கமாக இல்லையா? எனக்கு அழுகை வருகிறது, அது வேறு கோபமாக இருக்கிறது.

இனி கேள். என் பட்டியலில் உள்ள ஏழு பேரும் உன் பாட்காஸ்ட்டுக்காக ஒப்புக்கொள்ளவில்லை, என் முகத்துக்காக ஒப்புக்கொண்டார்கள். ஏணி, தூங்குமூஞ்சி, மூணாவது மாடி மூவரும் பட்டியலில் இருப்பார்கள். இல்லையென்றால் ஏழு பேரும் இல்லை. ஒரு போன் போதும், எல்லோரும் வர முடியாது என்று சொல்லிவிடுவார்கள். பேஸைக் கட்டிப்பிடிக்கிற அந்தப் போட்டோக்காரரை வைத்து எட்டு வாரம் ஓட்டிப் பார்.

காலியாக விட்ட எட்டாவது இடத்துக்கு யோசித்துவிட்டேன். அது உன் பெயர். கடைசியில் எழுதினாலும் பேட்டி முதலில் உன்னுடையது, பதினைந்தாம் தேதி. கேள்வி கேட்பவள் நான். எல்லோரிடமும் கேட்கச் சொல்லி நீ அனுப்பிய கேள்வித்தாளில் ஐந்தாவது கேள்வி இருக்கிறது: நீங்கள் செய்த மிகப் பெரிய தவறு எது. அதை நீயே யோசித்து எழுதினாயா, எங்கிருந்தாவது எடுத்துப் போட்டாயா தெரியவில்லை. அந்த ஒரு கேள்விதான் கேட்பேன். நீ பதில் சொல்லும்வரை ஒலிப்பதிவை நிறுத்தாதே. என்னைப் பாராட்டிப் பேசாதே, அழுது காட்டாதே. அன்று மதியம் யார் சுருதியை இறக்கினார்கள், யார் யாரைக் கூப்பிட வேண்டாம் என்றார்கள், அது போதும். சிரிப்புச் சத்தம் சேர்க்காதே. மகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் மாமா சொல்லித்தான் கேட்க வேண்டும். உன்னை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும், அது கெட்டுப்போக வேண்டாம் என்றும் பார்க்கிறேன்.

உறைக்குள் இருப்பது அந்த ரிப்பன். இத்தனை வருடம் தையல் பெட்டியில் இருந்தது, நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. பேட்டியன்று உன் பேஸின் தலையில் கட்டிவிட்டு உட்கார். சொல்லி முடித்தபின் அவிழ்த்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். முதுகு வலி என்றாயே, ஸ்டூலின் உயரத்தை இரண்டு விரல் குறை. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உன் கை நன்றாக இருக்க வேண்டும். பதினைந்தாம் தேதிக்குப் பிறகும் நீ "அக்கா" என்று கூப்பிட, நான் "என்னடா" என்று கேட்க வேண்டும், அதற்கு மட்டும் ஒரு வழி பண்ணு.

இப்படிக்கு,
அன்று அரை மணியில் ஓடி வந்திருக்கக்கூடிய
உன் அக்கா