நான்காம் அசையில் அழுத்தம்

மார்ச் 6
மறுபடி மழை. துணி எதுவும் காயவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தும் தமிழ் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்த ஸ்பானிஷ் மட்டும் வாயில் நிற்கிறது. "பக்கவாதம் வந்த சில பேருக்கு இப்படி ஆகும்மா. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க" என்கிறார் டாக்டர். எந்த பாஷையில் கொடுக்க?

மார்ச் 9
அவருடைய பழைய மாணவி வந்தாள். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு ஸ்பானிஷ் சொல்லித்தருகிறாள். "நீளமான சொல்லைப் பாத்து மலைக்காதீங்கம்மா, அசை அசையா வெட்டுங்க. உயிரெழுத்துல முடிஞ்சா, கடைசிக்கு முந்தின அசையை அழுத்துங்க."
மெ-தி-கா-மென்-தோ. மருந்து. 'மென்' மேல் அழுத்தம்.
அ-பி-தா-ஸியோன். அறை. இதற்குக் கடைசியில் அழுத்தமாம், எழுத்தின் தலையில் கோடு இருக்கிறதே என்றாள். நாக்கு சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

மார்ச் 10
அவர் பேசினால் ஒரே ஓட்டம். எங்கே வெட்டுவது? இந்த வயசுல எனக்கு இது தேவையா?

மார்ச் 14
ஒரு சொல் பிடிபட்டுவிட்டது! நான் அறைக்குள் போகும்போதெல்லாம் சொல்கிறார். தெஸ்-கோ-நோ-ஸீ-தா. 'ஸீ'யில் அழுத்தம். என்னைப் பார்த்துத்தான், மெதுவாக, மரியாதையாக. செல்லப் பெயரோ? கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒன்று வைத்ததில்லை மனுஷன்.

மார்ச் 15
டீச்சரிடம் சொல்லிக் காட்டினேன்.
"அசை சரிம்மா. அழுத்தமும் சரி."
"அர்த்தம்?"
"அது... சட்டுன்னு ஞாபகம் வரலம்மா."
டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டாள்.

மார்ச் 16
அவருடைய அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். அந்த 'ஸ' ஒலிக்கு ஸ்பானிஷில் மூன்று எழுத்து. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது.
அறிமுகமில்லாதவள்.

மார்ச் 19
மாத்திரையை நீட்டினால் கையைத் தட்டிவிடுகிறார். யாரோ கொடுப்பதை எப்படி வாங்குவார்? கத்திவிட்டேன் — "நான் யாருங்க உங்களுக்கு? சொல்லுங்க, நான் யாரு?" — தமிழில். பயந்துபோய்ச் சுவரோரம் ஒண்டிக்கொண்டார். என்னைப் பார்த்து. என்னைப் பார்த்து!
தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து என்ன ஆகப்போகிறது?

மார்ச் 23
மகள் வந்திருக்கிறாள். அவளுக்கு அவர் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. நான் சமையலறையில் இருந்தபோது உள்ளேயிருந்து குரல் கொடுத்தார், அதே ஐந்து அசை.
"அப்பா என்னம்மா சொல்றாரு?"
"என்னைத்தான்டி கூப்பிடறாரு" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.