உள்ளேயே முடியும் துளைகள்

இன்று காலை ஆனையூர்ப் பட்டறையில் தேங்காய்நார்க் கட்டு ஒன்றைப் பிரித்தேன். ஈர நாரின் வாடை எழுந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் ஒரு வருடமாகியும் நார் பிரிக்கும்போதெல்லாம் இப்படித்தான்.

தல்லாகுளத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு நாம் முதலில் செய்து கொடுத்தவை, சத்தம் குறைய மேசைகளுக்கு நடுவே வைக்கும் மரத் தடுப்புகள். பழைய வீடுகளின் மரச்சல்லடை ஜன்னலைப் பார்த்து நீ வரைந்தாய், நான் இழைத்தேன். வந்தவர்களெல்லாம் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. அங்கே போனில் வாடிக்கையாளர்களிடம் பேசும் ஸ்டெல்லா அக்காவுக்குக் காதில் கேட்புக் கருவி. சுற்றிலும் உள்ள பேச்செல்லாம் அதற்குள் ஒன்றாக இரைந்ததால் எதிர்முனையில் சொல்வது அவருக்குப் புரியவில்லை. வேலையை விடப்போவதாக அவர் சொன்னபோது நான் தலைகுனிந்து நின்றேன். நீயோ அனுமதி கேட்டு, அவர் இடத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாய்.

அந்தச் சனிக்கிழமையே நீ படித்த மிஷன் பள்ளியின் கூடத்துக்கு என்னை அழைத்துப் போனாய். எத்தனை பேர் கத்தினாலும் அங்கே ஏன் இரைச்சல் எழுவதில்லை என்பது உனக்குப் பள்ளி நாள் முதலே தீராத சந்தேகமாம். சுவர் நெடுகத் துளையிட்ட செங்கற்கள். ஒரு துளையில் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தாய்.

"மாப்ள, ஓட்டை அந்தப் பக்கம் போகல. உள்ளயே முடியுது."

சுவருக்குள் வெற்றிடம். காற்றுக்காக விட்டு, பிறகு வெளிப்பக்கம் பூசிவிட்டார்களா, சத்தத்துக்காகவே அப்படிக் கட்டினார்களா, இன்றும் எனக்குத் தெரியவில்லை. நம்முடைய மரச்சல்லடை சத்தத்துக்கு வழிவிட்டது, இந்தச் சுவர் அதை உள்ளே வாங்கிக்கொண்டது என்பது மட்டும் புரிந்தது.

இரு பக்கமும் துளையிட்ட சுட்டமண் ஓடு, அதன் பின்னால் நார், நடுவில் துளையே இல்லாத பலகை என்று புதிதாக வரைந்தாய். திருப்தியில்லாமல் மூன்று முறை மாற்றினாய். பொருத்த வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது உன் இதயம் நின்றுவிட்டது.

தனியாகத்தான் பொருத்தினேன். மாலைவரை போனில் பேசிவிட்டு ஸ்டெல்லா அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, எதுத்தாப்புல பேசுறவுக மூச்சு விடுறதுகூட இப்பத்தேன் கேக்குது."

அவர் வேலையை விடவில்லை. அவர் நகர்ந்ததும் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று உன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். சோதிக்க வேறு சொல் எதுவும் தோன்றவில்லை. அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

இப்போதெல்லாம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், அளவெடுக்கும் முன், இங்கே யாருக்குச் சிரமமாக இருக்கிறது என்று விசாரிக்கிறேன். பெரும்பாலும் யாரும் உடனே சொல்வதில்லை. உன்னைப் போலவே அங்கே உட்கார்ந்து காத்திருக்கிறேன்.