சிவப்பாகவே விட்ட வாரம்

பக்ஸ்போர்ட், மெய்ன்
ஜனவரி 14

அன்புள்ள ராய்ஸ்,

நீ நலமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் பூனையும் நலம். மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு நிமிடத்தில் வந்துவிடுமே, ஏன் இந்தக் காகிதம் என்று கேட்பாய். இருபத்திரண்டு பேர் இருக்கும் கப்பலில் உன் திரையை யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? உறையைக் கிழித்தால் கிழித்த தடம் இருக்கும். ஹூஸ்டன் துறைமுக முகவர் இதை உன்னிடம் தந்தபோது ஒட்டியது ஒட்டியபடி இருந்ததா என்று மறக்காமல் எழுது.

ஆறு கரையோரம் உறைந்துவிட்டது. வீட்டைச் சூடாக்க எண்ணெய் ஊற்ற வருகிறவன் மீட்டரைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த முறை நானும் கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நிற்கலாம் என்றிருக்கிறேன். சனிக்கிழமை தேவாலயத்தில் பீன்ஸ் விருந்து நடந்தது. கொரின் வரவில்லை. அவளைப் பற்றித்தான் எழுத வேண்டும். எழுதலாமா கூடாதா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

உன் மனைவியைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. ஆனால் முப்பத்துநான்கு வருடம் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தந்தவளுக்கு, எதையோ மறைக்கிற முகம் எது என்று தெரியும். தபால்காரர் வந்ததும் செருப்புக்கூட மாட்டாமல் பனியில் ஓடுகிறாள். செவ்வாய்க்கிழமைகளில் விடியும் முன் கார் கிளம்புகிறது. போர்ட்லண்டுக்குச் சிகிச்சைக்கா என்று கேட்டால், "ரத்தம் எடுக்கறாங்க லியோனா, வேற ஒண்ணுமில்ல" என்கிறாள். ரத்தம் கொடுக்கக் காதில் தோடு எதற்கு? மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பேசுகிறாள். ஒருநாள் படியில் நின்றபோது, "இன்னும் எவ்வளவு நாள்தான் காத்திருக்கிறது, சொல்லுங்க" என்று அழுகிற குரல் கேட்டது. யாரிடம் அழுதாள்?

உங்கள் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. நீ கிளம்பும்போது சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அவளுக்கு முப்பத்தெட்டு வயதிலேயே முட்டைகள் வேகமாகக் குறைகின்றன, ஏப்ரல் ஏழாம் தேதி எடுத்து உறையவைத்துக் காப்பாற்றினால்தான் உண்டு, கோடை வரை காத்திருந்தால் எடுக்க ஒன்றும் மிஞ்சாது என்றாய். காப்பீட்டுக் கம்பெனி சரி என்றால்தான் இது நடக்கும், இந்த வீட்டை விற்றாலும் நம்மால் கட்டி மாளாது என்றும் சொன்னாய். கம்பெனி பதில் எழுதியதா என்று அவளிடம் கேட்டேன். "வரும்" என்று ஒரு சொல்லோடு மேலே போய்விட்டாள்.

உலகத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். போன வியாழக்கிழமை கொரின் இல்லாத நேரத்தில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கடலோடிகளின் குடும்ப நலனைப் பற்றிக் கணக்கெடுக்கிறார்களாம். எவ்வளவு மரியாதையான இளைஞன்! அவனுடைய அம்மாவும் பள்ளி ஆசிரியைதானாம். குளிருக்கு வீட்டில் வசதி போதுமா, தனியாக இருக்கப் பயமில்லையா, மகன் வருடத்தில் எத்தனை நாள் கரையில் இருப்பார் என்றெல்லாம் அக்கறையாகக் கேட்டான். குத்துமதிப்பாகச் சொல்வது எனக்குப் பிடிக்காதே. என் சமையலறை நாட்காட்டிகள் மூன்றையும் எடுத்து வந்து, சிவப்பு கடல், நீலம் வீடு என்று தேதி தேதியாகப் படித்துக் காட்டினேன். இந்த ஊரில் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் எல்லாரும் நிறம் தீட்டுகிறார்கள். ஆனால் நான் மருத்துவமனையில் கிடந்த நாட்களைத் தவிர ஒருநாள்கூட விட்டதில்லை. "உங்களை மாதிரி சுத்தமா கணக்கு வச்சிருக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லைங்க மேடம்" என்றான். ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு பாராட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

கம்பளிக் காலுறையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள். கண்ணைத் திறந்து வைத்திரு. கடலில் மட்டும் சொல்லவில்லை.

உன் அம்மா,
லியோனா

*

பக்ஸ்போர்ட்
பிப்ரவரி 6

அன்புள்ள ராய்ஸ்,

கொரின் ஏன் உன் மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை என்று கேட்டு எழுதியிருந்தாய். அவள் இந்த வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா டேனெட் பேங்கர் ஊரிலிருந்து பிக்கப் வண்டியோடு வந்து அழைத்துப் போய்விட்டாள். தையல் இயந்திரத்தையும் ஏற்றினார்கள். நாலு நாள் தங்கப் போகிறவள் தையல் இயந்திரத்தை எடுத்துப் போக மாட்டாள். நான் வாசலில் நின்றேன். டேனெட் என்னைப் பார்த்து, "உங்க பையன் கடல்லயே குடித்தனம் பண்ணிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

நடந்தது இதுதான். கம்பெனி முடியாது என்று எழுதிவிட்டது. காரணமாக அவர்கள் விதிப்புத்தகத்தில் ஒரு வரியைக் காட்டியிருக்கிறார்கள். கணவனும் மனைவியும் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதம் சேர்ந்து வாழ்ந்து முயன்றும் கருத்தரிக்காவிட்டால்தான் அது குறைபாடாம். "குடும்பத்தார் தந்த தகவலின்படி, மூன்று ஆண்டுகளில் கணவர் தொடர்ந்து வீட்டில் இருந்த மிக நீண்ட காலம் எழுபத்தொரு நாள்" என்று அந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆகவே நீங்கள் இன்னும் முயலவே இல்லையாம்! மூன்று வருடம் மாதத்துக்கு ஒருமுறை அவள் குளியலறையில் அழுதது முயற்சியில் சேராதாம்.

இதற்கென்று ஒரு சட்டம் கேட்டு நம் மாநிலத்தில் கையெழுத்து வாங்கியபோது ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பக்கம் நான்தான் வீடு வீடாகப் போனேன். பிள்ளைப்பேற்றுச் சிகிச்சைக்கும் முட்டைகளைப் பாதுகாப்பதற்கும் காப்பீட்டில் இடம் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்ததும், வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தேன். எனக்கே புத்தி இருந்திருக்க வேண்டும். சூயிங்கம் மெல்லக் கூடாது என்று வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியவள் நான். மேசைக்கு அடியில் கை வைத்துப் பார்த்தால்தானே தெரியும்!

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கேட்க நாக்கு கூசுகிறது. கடிதத்தை என் முன்னால் நீட்டி கொரின் சொன்னாள்: "எழுபத்தொரு நாள்னு எண்ணிச் சொல்லியிருக்காங்க லியோனா. அவனைத் தவிர யாருக்கு இந்தக் கணக்கு தெரியும்? கிறிஸ்துமஸ் அன்னைக்கு என்ன சொன்னான், ஞாபகம் இருக்கா?" எனக்கு ஞாபகம் இருக்கிறது. பன்றிக்கறி அறுத்துக்கொண்டே, "பிள்ளை இல்லாட்டி என்ன, ரெண்டு நாய் வளர்ப்போம், அதுங்களைக் காலேஜுக்கு அனுப்ப வேண்டாம்" என்றாய். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

நீதானா, ராய்ஸ்? உனக்குப் பிள்ளை வேண்டாமென்றால் அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். கம்பெனிக்காரன் காதில் ஓதி அவன் வாயால் சொல்ல வைப்பது நான் வளர்த்த பிள்ளை செய்கிற காரியமா? இல்லை என்றால் இல்லை என்று எழுது. நான் நம்புவேன். நம்ப முயல்வேன். நானோ உங்கள் விஷயத்தை வெளியில் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

அவள் மேல்முறையீடு செய்திருக்கிறாள். கம்பெனியில் இல்லாத, வெளியாட்கள் மூன்று பேர் மார்ச் இருபதாம் தேதி கேட்கிறார்கள். அதற்காகக் கம்பெனி தன் கோப்பின் நகலைத் தர வேண்டுமாம். தருவார்களோ, பாதியைத் தருவார்களோ.

உண்மையை எழுது.
அம்மா

*

பக்ஸ்போர்ட்
மார்ச் 2

என் அன்பு மகனே,

உன் பதில் கிடைத்தது. "நான் இல்லம்மா" என்ற ஒரே வரி. கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அந்தக் கிழிசலைத் தடவிப் பார்த்தேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நீ என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் முடிக்கும் வரை பொறு.

வெள்ளிக்கிழமை கொரின் வந்தாள். மேல் கோட்டைக் கழற்றவில்லை. கோப்பின் நகல் கிடைத்துவிட்டது. அதில் மூன்று வருடத்துக்கும் நீ கரையில் இருந்த நாட்களின் பட்டியல் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. போன வருடம் ஏப்ரலில் ஒரு வரியின் மேல் அவள் விரலை வைத்தாள். எட்டாம் தேதியிலிருந்து பதினான்கு வரை கடல் என்று இருந்தது. "உங்க இடுப்பு ஆபரேஷனுக்கு லீவு போட்டுட்டு பாஸ்டன்லேர்ந்து ஓடி வந்தானே, அந்த வாரம். பகல் பூரா உங்க கட்டில்கிட்ட, ராத்திரி என்கூட. அதையே மறந்துட்டானா? அந்த ஒரு வாரம்தான் எனக்கு நிச்சயம் கரு நிக்கும்னு தோணிச்சு லியோனா" என்றாள்.

வகுப்பில் காப்பி அடிப்பவர்களை நான் எப்படிப் பிடிப்பேன் என்று உனக்குத் தெரியும். சரியான விடை எல்லாத் தாளிலும் ஒன்றாகத்தான் இருக்கும். தப்பான விடை ஒன்றாக இருந்தால்தான் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து எழுதினான் என்று அர்த்தம். அந்தத் தப்பான ஏப்ரல் வாரம் எங்கிருந்து வந்தது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முறை உன் பத்து வாரக் கடல் நாட்களை முன்கூட்டியே சிவப்பால் தீட்டி வைத்திருந்தேன். நீ வந்தபோது மருத்துவமனையில் கிடந்தேன். வீடு திரும்பியும் அதை நீலமாக்கவில்லை. உலகத்தில் அந்தத் தப்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. என் அடுப்புக்கு மேல், ஆணியில், இந்த வருட நாட்காட்டிக்கு அடியில்.

எண்ணெய்க்காரனைச் சந்தேகப்பட்டேன். தபாலைச் சந்தேகப்பட்டேன். உன் மனைவியின் தோட்டைச் சந்தேகப்பட்டேன். பெற்ற மகனைக் கேட்டேன், நீதானா என்று. மேடம் என்று கூப்பிட்டவனை மட்டும் யார் நீ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பழைய நாட்காட்டிகளைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். ஜனவரியில் அந்த வியாழக்கிழமை வந்த கணக்கெடுப்புத் தொலைபேசியைப் பற்றிச் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. அவன் பாராட்டியதையும், நான் மகிழ்ந்துபோனதையும் சொன்னேன். அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கடைசியில், "என் புருஷன் எந்தத் தேதியில என் பக்கத்துல படுத்தான்னு மூணு வருஷமா கலர் பென்சில்ல எழுதி அடுப்பு மேல மாட்டி வச்சிருந்தீங்களா? நாங்களே இவ்வளவு கணக்கு வச்சுக்கலையே!" என்றாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. நான் கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிக்கொண்டாள். "இன்னைக்கு வேண்டாம் லியோனா" என்றாள். பிறகு வாசல் வரை போய்த் திரும்பி நின்று, அந்தச் செவ்வாய்க்கிழமைத் தோடு நீ அவளுக்குக் கொடுத்தது என்றும், ஊசி போடும்போது ஒரு கையால் அதைத் திருகிக்கொண்டிருப்பாள் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். படியில் எனக்குக் கேட்ட அந்த அழுகையும் கம்பெனிக்காரர்களிடம்தானாம்.

மார்ச் இருபதாம் தேதி நான் அந்த மூன்று பேர் முன்னால் போய் உட்காரப் போகிறேன். கொரின் சரி என்றுவிட்டாள். "வாங்க, ஆனா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள். அது நியாயம். கேட்டதற்கு மேல் ஒன்றே ஒன்று சொல்வேன். சிங்கி இறால் படகுக்காரர் மகன் எவரெட் என்று என் வகுப்பில் ஒருவன் இருந்தான். இலையுதிர் காலம் முழுக்க அப்பாவோடு கடலுக்குப் போய்விடுவான். அவன் எட்டாம் வகுப்பு படிக்கவில்லை என்று யாரும் எழுதவில்லை. மற்றப் பிள்ளைகள்கூட நூற்றெழுபத்தைந்து நாள்தான் வருகிறார்கள். அதையும் ஒரு வருடம் என்றுதான் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் சிவப்புக் கட்டங்கள் எத்தனை என்று கம்பெனி எண்ணியது. நீலத்தை எண்ணினால் ஒன்றரை வருடம் வருகிறது. அந்த ஏப்ரலையும் சேர்த்து எண்ணச் சொல்லப் போகிறேன். கேட்பார்களா என்று தெரியாது. அந்த மூவரில் ஒருவர் கம்பெனிக்குச் சொந்தக்காரராக இருக்க மாட்டார் என்பதற்கு என்ன உறுதி என்றுகூடத் தோன்றுகிறது. பழக்கம் விடவில்லை.

நீ பதினாறாம் தேதி இறங்குகிறாய். போன வருட ஏப்ரல் வாரத்துக்கான விடுப்புச் சீட்டை, கப்பல் தலைவர் கையெழுத்தோடு, மறக்காமல் கொண்டு வா. நான் வண்டி அனுப்ப மாட்டேன், வாசலில் நிற்கவும் மாட்டேன். இறங்கியதும் இங்கே வராதே. நேராகப் பேங்கருக்குப் போ. டேனெட் கதவைச் சாத்தினால் படியில் உட்கார். நாய் வேடிக்கையை இனி எந்த மேசையிலும் சொல்லாதே. அவள் என்ன கேட்டாலும் உட்கார்ந்து கேள். என்னைப் பார்க்க வருவதை அவள் எப்போது சொல்கிறாளோ அப்போது வைத்துக்கொள். கோடை ஆனாலும் சரி.

பழைய நாட்காட்டிகள் இப்போது கொரினின் வழக்குப் பையில் இருக்கின்றன. இந்த வருடத்துக்கானது ஆணியில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியைத் தீட்டிவிட்டேன். மார்ச் வெள்ளையாகவே இருக்கிறது. போகும்போது அவள் இரண்டு பென்சில்களையும் எடுத்துப் போய்விட்டாள். நீலத்தையும்தான். நான் திருப்பிக் கேட்கவில்லை.

கடல் உன்னைப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும். ஏப்ரல் ஏழாம் தேதி அவள் கட்டிலருகே நீ இரு.

உன் அம்மா