சித்தப்பாவின் பெயரில் கூலி

சோமோத்தியோ
ஜனவரி 9

அன்புள்ள அப்பா,

அம்மாவும் நானும் நலம். அறிவியல் புத்தகத்தில் ஒன்று கண்டுபிடித்தேன். எவாரிஸ்தோ சித்தப்பா இறந்தபோது, “அவனுக்குக் கிரியாட்டினின் வந்துடுச்சு” என்று ஊரே சொன்னதல்லவா? அது நோயே இல்லை, அப்பா. எல்லார் இரத்தத்திலும் உள்ள கழிவு. சிறுநீரகம் கெட்டால் அளவு ஏறும். ஓய்வில்லாமல் வெயிலில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குத்தான் அது அதிகம் கெடுகிறது என்று நர்ஸ் சொன்னார். அடிக்கடி நிழலில் உட்கார்ந்து ஓய்வெடுத்து வெட்டுங்கள்.

உங்கள் மகள்
யாமிலெத்

*

கரும்புத் தோட்டம்
ஜனவரி 20

என் படிப்பாளி மகளே,

உன் கடிதத்தைக் கொட்டகையில் உரக்கப் படித்தேன். “எலியோ, உம் மக டாக்டரம்மா கணக்கா பேசுறாளே! எனக்கும் ரெண்டு மாத்திரை எழுதித் தரச் சொல்லுய்யா” என்று ஒரே கேலி. இங்கே நிழலுக்குக் கூடாரம் போட்டிருக்கிறார்கள். ஓய்வுக்கு விசிலும் ஊதுகிறார்கள். ஆனால் கூலி டன் கணக்கில். உட்கார்ந்தவனுக்கு எடை ஏறாது. விசில் கேட்டதும் எல்லாரும் காது கேளாதவர்கள் ஆகிவிடுகிறோம். வெளியாள் பார்க்க வரும் நாளில் மட்டும் மேஸ்திரி, “உக்காருங்கடா, கொஞ்சம் சிரிங்கடா” என்பார்.

நாளை சர்க்கரை ஆலையில் எங்களுக்கு இரத்தப் பரிசோதனை.

அப்பா

*

பிப்ரவரி 2

மகளே,

நீ சொன்னது சரிதான், எல்லார் இரத்தத்திலும் இருக்கிறதாம். என்னுடையதில் கூடுதல். “வீட்டுக்குப் போய் ஓய்வெடு” என்று ஆலையில் நிறுத்திவிட்டார்கள். ஓய்வுக்கு யார் கூலி தருவார் என்று கேட்டேன். “அடுத்த ஆள்!” என்று கூப்பிட்டார்கள்.

நான் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் இரத்தம் பார்ப்பதில்லை, அடையாள அட்டை மட்டும்தான். ஆலை நிறுத்தியவர்களின் பெயர்கள் அவருக்கும் தெரியும் என்பதால் நான் எடுத்து வைத்திருந்த என் தம்பியின் அட்டையைக் காட்டினேன். இனி இங்கே நான் எவாரிஸ்தோ. உன் கடிதத்தில் அப்பா என்று எழுதாதே, சித்தப்பா என்று எழுது. வருகிற கடிதங்களை இந்தத் தோட்டத்து மேஸ்திரி பிரித்துப் பார்த்துத்தான் தருகிறார்.

பள்ளிக்குத் தவறாமல் போ.

*

சோமோத்தியோ
பிப்ரவரி 13

அப்பா,

சித்தப்பா என்று எழுத என் கை வரவில்லை. “அந்தப் பேருக்கு ஒரு தரம் அழுதாச்சு, இன்னொரு தரம் என்னால முடியாது” என்கிறாள் அம்மா.

இதைப் பிரித்துப் படிக்கும் மேஸ்திரி ஐயா, வணக்கம். உங்களிடம் வேலை செய்பவர் எவாரிஸ்தோ அல்ல. எவாரிஸ்தோவை எங்கள் ஊர் இடுகாட்டில் புதைத்துவிட்டோம். அவர் எலியோதோரோ, என் அப்பா. சிறுநீரகம் கெட்டவர். தயவுசெய்து வேலையிலிருந்து நீக்கி, உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு நான் பள்ளியை விட்டுவிட்டு அம்மாவோடு சோள அடை சுட்டு விற்கிறேன்.

யாமிலெத்

*

பிப்ரவரி 21

மகளே,

அனுப்பிவிட்டார்கள். உன் மேல் கோபம் இல்லை. உன் இடத்தில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் நீ பள்ளியை விடக்கூடாது. இன்று எல்லை ஆற்றைக் கடந்து கோஸ்டா ரிக்கா பக்கம் போகிறேன். அங்கேயும் கரும்புதான். அட்டையும் கேட்பதில்லை, பெயரும் கேட்பதில்லையாம். முகவரி கிடையாது என்பதால் உன் கடிதம் வந்து சேராது. பணம் மட்டும் யார் மூலமாவது வரும். அது வந்துகொண்டிருக்கும் வரையில் நான் உயிரோடு இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.