டேப் சுற்றிய டப்பா

மச்சான்,

நேற்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மருமகன் ஒரு டப்பாவைத் திறந்து வைத்தார். ஆரஞ்சு நிறம், உள்ளங்கை அகலம். மூடி திறந்ததும் மெழுகும் புது ரப்பரும் கலந்த ஒரு வாசம் வந்தது. உங்கள் சட்டையைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம் பையிலிருந்து வருமே, அதே வாசம். மீன் ஆணச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"சர்வைவல் கிட் மாமி. ஆன்லைன்ல வாங்கினேன். காட்டுல மாட்டிக்கிட்டா இது ஒண்ணு போதும்னு போட்டிருக்கான்," என்றார். நம் மகள் என் முகத்தைப் பார்த்தாள். உடனே தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும்.

இது ஒண்ணு போதும். இந்த வார்த்தையை உங்கள் வாயால் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது பிடித்துவிட்டது. அந்த வார்த்தை மட்டும் சென்னையிலிருந்து விமானம் ஏறி என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

மருமகன் ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். கம்பி ரம்பம் என்று ஒன்று, இரண்டு விரலில் மாட்டி இழுப்பதாம். நம் தீவுப் படாக் மரத்தை அதால் அறுக்கப் புறப்பட்டால் பேரன் காலத்தில் பட்டை உரியும். தண்ணீரைச் சுத்தம் செய்ய மாத்திரை. வருஷத்தில் பாதிக்கு மேல் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற ஊரில்! தூண்டில் முள் இரண்டு, விசில் ஒன்று. எறும்பு எழுத்தில் அச்சடித்த ஒரு துண்டுக் காகிதம். கண்ணாடி போட்டுப் படித்தேன். முதல் வரி, 'பதற்றப்படாதீர்கள்'. கண்ணாடியைத் தொலைத்துவிட்டு நிற்கிறவன் இந்த வரியை எப்படிப் படிப்பான் என்று கேட்டேன். மருமகன் சிரித்தார். நல்ல பிள்ளை. உங்களைப் போலவே, கிண்டல் செய்தால் கோபப்படத் தெரியாது.

உங்கள் டப்பா இதைவிடக் கேவலம். கடையில் வியாபாரம் இல்லாத ஒரு மத்தியானத்தில் போனில் எதையோ பார்த்துவிட்டு வந்தீர்கள். தொண்டைக்குச் சப்புகிற மிட்டாய் டப்பாவை என் மேசையிலிருந்து எடுத்து, மிட்டாயை எல்லாம் மகள் கையில் கொட்டினீர்கள். பிளேடு, ஊசி நூல், பின், மெழுகுவர்த்தித் துண்டு, விசில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு திசைகாட்டி, தூண்டில் முள் எல்லாம் அதற்குள் போயின. ஜங்கிலிகாட் மார்க்கெட்டில் மீனைச் செதில் எடுத்துத் துண்டு போட்டுத் தந்தால்தான் வாங்கி வருகிற மனுஷருக்குத் தூண்டில்! பஜாரில் டார்ச்சும் குடையும் விற்கிற கடை உங்களுடையது. காட்டுப் பக்கம் போகும்போது அந்த இரண்டையும் கடையிலேயே விட்டுவிட்டு, டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போன ஒரே வியாபாரி இந்தத் தீவில் நீங்கள்தான்.

புருஷனை மச்சான் என்று கூப்பிடுகிறேன் என்று ஸ்டாஃப் ரூமில் மற்றத் தமிழ் டீச்சர்கள் சிரிப்பார்கள். எங்கள் ராமநாதபுரத்துப் பக்கம் அப்படித்தான் என்பேன். அந்தக் கூப்பாட்டில் ஒரு சௌகரியம் உண்டு. கேலி செய்ய உரிமையும் சேர்ந்தே வருகிறது. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை, இப்போதும் வீணாக்கப் போவதில்லை.

காடு போவதற்குள் டப்பாவை வீடே தின்றது. கரன்ட் போனால் மெழுகுவர்த்தி போகும். எனக்கு அவசரமென்றால் பின் போகும். விசிலை மகள் ஸ்போர்ட்ஸ் டேக்குக் கொண்டுபோனாள், திரும்பவில்லை. மெயின்லேண்ட் போகிற ஒவ்வொரு தரமும் பிளேடை ஏர்போர்ட்டில் பிடுங்கினார்கள். நீங்கள் அவர்களிடம் நின்று நியாயம் பேசுவீர்கள், நான் யாரோ எவரோ என்று தள்ளி நிற்பேன். "என் டப்பாவைத் தொட்டது யாரு?" என்று சத்தம் போட்டுப் பார்த்தீர்கள், பலிக்கவில்லை. பிறகுதான் வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைக் கடையிலிருந்து கொண்டுவந்து, மூடியைச் சுற்றிச் சுற்றி ஒட்டினீர்கள். தண்ணீர் புகாது, திருட்டுக் கையும் புகாது என்றீர்கள். வாஸ்தவம். உங்கள் கையும் புகாது என்பது சௌல்தாரியில்தான் தெரிந்தது.

அது சௌல்தாரியில் மாலதி தீதி வீட்டுக்கு நாம் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை. என்னோடு வேலை பார்த்த பெங்காலி டீச்சர், வீட்டுக்குப் பின்னால் பாக்குத் தோட்டம், அதன் பின்னால் காட்டு மேடு. சாப்பிட்ட கையோடு, "மேல ஏறினா அந்தப் பக்கம் கடல் தெரியுமாம், எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்," என்றீர்கள். கிளம்பும்போது தீதியிடம் நான் சும்மா வாய் உபசாரத்துக்குச் சொன்னேன்: "சாய் பனாகே ரக்னா தீதி. சாய் டைம் தக் ஹம்லோக் ஆ ஜாயேகா." டீ போட்டு வையுங்கள், டீ நேரத்துக்கு வந்துவிடுவோம் என்றுதான். வேறு எந்த யோசனையும் எனக்கு இல்லை.

கடல் தெரியவில்லை. மழை வந்தது. பிரம்புப் புதரைச் சுற்றிக்கொண்டு இறங்கினோம், இறங்கிய இடம் ஏறிய இடம் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம். நம் காட்டில் புலியும் இல்லை, கரடியும் இல்லை. அட்டையும் பூரானும்தான். ஆனாலும் எனக்கு வீட்டு ஞாபகம்தான். வீட்டில் மகள் தனியாகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதுபோல் கண்ணுக்குள் வந்தது.

நீங்கள் சட்டைப் பையைத் தட்டினீர்கள், ராஜா உடைவாளைத் தொடுகிற மாதிரி. "ஒண்ணுமில்லை புள்ள. இருக்குல்ல."

"தொறங்க மச்சான்."

"இரு, டேப்போட முனை தெரியலை."

விரல்கள் ஊறிச் சுருங்கிப் போயிருந்தன. நகம் வழுக்கியது. நானும் பிடுங்கிப் பார்த்தேன்.

"ஒரு கத்தி கிடைச்சா கிழிச்சுடலாம்," என்றேன்.

"பிளேடு இருக்கு," என்றீர்கள்.

"எங்க?"

நீங்கள் டப்பாவைப் பார்த்தீர்கள்.

அப்புறம் பல்லால் கடித்தீர்கள். கடைசியில் கல்லில் வைத்துத் தட்டியதில் மூடி நெளிந்து திறந்தது. மெழுகுவர்த்தி, டேப் சுற்றுவதற்கு முந்தின கரன்ட் கட்டோடு போயிருந்தது. விசில் இருந்த இடத்தில் விசில் இல்லை. திசைகாட்டி இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "வடக்கு அதோ," என்று கை காட்டினீர்கள்.

"சரி. தீதி வீடு வடக்கா, தெற்கா?"

அது தெரிந்தால் திசைகாட்டி எதற்கு மச்சான்? வரும்போது ஒரு தரம் பார்த்துக்கொண்டு நுழையாதவருக்கு வடக்கு எங்கே இருந்தால் என்ன?

அப்போதுதான் சத்தம் கேட்டது. கீழே எங்கோ டமடமவென்று யாரோ தகரத்தைப் போட்டு அடிக்கிறார்கள், நடுநடுவே "டீச்சர்ஜீ" என்று கூப்பாடு. நாம் இருவரும் வழியைப் பார்க்காமல் சத்தத்தைப் பார்த்து இறங்கினோம். தோட்டத்து ஓரத்தில் தீதி குடும்பமே நின்றது, கையில் காலி எண்ணெய் டின். அன்றைக்கு நம்மைக் காப்பாற்றிய டப்பா அதுதான். தீதி நம் காலில் ரத்தம் வழிவதைப் பார்க்கவில்லை, நனைந்ததைப் பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்காரி மாதிரி கேட்டார்: "சாய் டண்டா ஹோ கயா! கஹாங் கயா தா ஆப்லோக்?"

டீ ஆறிவிட்டது, எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று. அந்தக் கோபத்தைப் போல இனிமையான ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எண்ணிப் பாருங்கள். போட்ட டீக்கு ஆள் வரவில்லை என்று ஒருத்திக்குக் கோபம் வந்ததால் நாம் வீடு திரும்பினோம். உலகத்து டப்பாவை எல்லாம் கொட்டித் தேடினாலும் அது கிடைக்குமா? உங்களுக்கு இது உறைக்கவே இல்லை. மறுநாளே நெளிந்த மூடியைத் தட்டி நிமிர்த்தி, புது டேப் எடுத்து, முன்னைவிடக் கூடுதலாகச் சுற்றினீர்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த டேப்புக்கு வேறொரு வேலை கொடுப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கடைசி நாளும் டீ போட்டு வைத்திருந்தேன். நீங்கள் வருகிற நேரம் தாண்டியது. போன் வந்தது, பக்கத்துக் கடைக்காரரிடமிருந்து. ஆஸ்பத்திரியில் உங்கள் போனையும் கண்ணாடியையும் டப்பாவையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். இடது பக்கச் சட்டைப் பையில் இருந்ததாம், வலித்த இடத்துக்கு நேர் மேலே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைப் படகுத் துறையிலிருந்து கடலில் வீசியிருக்க வேண்டும். அலமாரியில் உங்கள் சட்டைகளுக்கு அடியில் தள்ளிப் பூட்டினேன். டேப்பைப் பிரிக்கவில்லை.

இன்று காலையில்தான் பிரித்தேன். மருமகனும் மகளும் படகில் பம்பூஃப்ளாட் போய், மலையேறி மதுபன் பக்கம் இறங்கப் போவதாகக் கிளம்பினார்கள். "மாமி, இதைக் கொண்டுபோனா பிரயோஜனம் உண்டா, இல்லையா? சும்மா ஒரு சேஃப்டிக்குத்தான்," என்றார் மருமகன், டப்பாவைக் காட்டி.

"அதுல விசில் மட்டும் பிரயோஜனம். அதை எடுத்துக் கழுத்துல மாட்டுங்க மாப்புள. மத்ததைப் பூனைக்குப் போடுங்க. எந்த வழியா ஏறி எந்த வழியா எறங்குறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. சாய் நேரத்துக்கு டீ போட்டு வைப்பேன்."

அவர்கள் போனதும் அலமாரியைத் திறந்தேன். உங்கள் டப்பாவை அடுக்களைக் கத்தரியால் வெட்டித் திறந்தேன். பிளேடு இல்லை. ஊசி இல்லை. தூண்டில் முள்ளைக் காணவில்லை. திசைகாட்டியை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, மீதி இடம் முழுக்க வாயுத் தொல்லைக்குச் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள், நாலாக மடித்து மடித்து. எல்லாம் பிதுக்கி எடுத்த வெற்று அட்டை. ஒன்றில் மட்டும் ஒரே ஒரு மாத்திரை பாக்கி.

எவ்வளவு காலமாக மச்சான்? குப்பையில் போட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று அதற்குள் பதுக்கினீர்களா? உங்கள் நெஞ்சு வலித்தது, நீங்கள் அதை என்னிடம் சொல்லாமல் டேப் போட்டு ஒட்டி வைத்தீர்கள். இரண்டு தரம் நெஞ்சைத் தடவியதைப் பார்த்துக் கேட்டேன். "ஒண்ணுமில்லை புள்ள, வாயு," என்றீர்கள். காட்டில் தொலைந்தபோது சொன்ன அதே ஒண்ணுமில்லை. உயிரைக் காக்கிற டப்பாவாம்! உங்களைக் கொன்றதை ஒளித்து வைத்த டப்பா அது. எனக்கு உங்கள் மேல் கோபம். இன்னமும் கோபம்தான். இந்தக் கோபத்தோடுதான் ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகக் கை ஏந்துகிறேன், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மேசையில் அந்த அட்டைகளைப் பரப்பி வைத்தேன். பிறகு என் கைப்பையை எடுத்துத் திறந்தேன். அதே மாத்திரை, அதே பச்சை அட்டை, பாதி காலி.

வீட்டுக்கு வருகிற டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தை இப்போதெல்லாம் நின்று நின்றுதான் ஏறுகிறேன். யாராவது பார்த்தால் மழையை வேடிக்கை பார்க்கிற மாதிரி குடையைச் சாய்த்துக்கொள்வேன். நம் மகள் வந்த அன்றே கேட்டாள், ஏன்மா மூச்சு வாங்குதுன்னு. ஒண்ணுமில்லை, வயசு என்றேன். உங்களிடம் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்க, நான் கற்றுக்கொண்டது இதையா?

சாய் நேரத்துக்கு டீ போட்டேன். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் ஆயிற்று, ஆள் இல்லை. மூன்று கோப்பையிலும் ஆடை படிந்தது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். படியேறி வந்துகொண்டிருந்தார்கள், முழங்கால் வரை சேறு, படகு தவறிவிட்டதாம். மருமகன் கழுத்தில் விசில் தொங்கியது.

"சாய் டண்டா ஹோ கயா! கஹாங் கயா தா ஆப்லோக்?" என்றேன்.

அந்தக் கதை தெரிந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். உங்கள் அட்டைகளையும் என் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"இது உன் அத்தாவோட டப்பாவுல இருந்தது. இது என் பையில இருந்தது. ஏத்தம் ஏறினா எனக்கு இங்க அடைக்குது," என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். "நோன்புப் பெருநாள்ல இருந்து."

மகள் எழுந்து நின்றாள். "ஏம்மா இவ்வளவு நாள் சொல்லலை? உனக்கும் அத்தா புத்தியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். உங்களைப் பார்த்து நான் கத்த வேண்டியது அத்தனையும் அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள் மச்சான். எனக்கு அந்த எண்ணெய் டின் சத்தம்தான் காதில் விழுந்தது.

இரண்டு டப்பாவையும் மருமகன் எங்கோ எடுத்து வைத்துவிட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

நாளைக் காலையில் இருவரும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். சாய் நேரத்துக்குள் திரும்பிவிடுவேன், இன்ஷா அல்லாஹ். சொல்லிவிட்டுத்தான் போகிறேன், மச்சான்.