சத்தமில்லாத வண்டியில் வந்த படகு

ஐப்பசி 9, ஞாயிறு. காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை.

மாத்திரை: வெள்ளை ஒன்று, மஞ்சள் பாதி. போட்டாயிற்று.

வருஷமும் சொல்ல வேண்டுமாம். ரேஷன் கடையில் கட்டை விரலை விட்டுவிட்டு, கண்ணைக் காட்டினால் அரிசி என்று ஆனதற்குப் பிறகு. தரைப்பாலத்தின் கைப்பிடிச் சுவரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதற்கு மறு வருஷம். எங்கள் மாதா கோயில் மணி விரிசல் விட்டதும் இதே வருஷம்தான். போதும்.

இந்தப் போன் மகள் ஸ்டெல்லா கொடுத்தது. மாத்திரை போட்டேனா இல்லையா என்று தினம் சொல்லி வைக்கவாம். நான் பேசினால் அது எழுதிக்கொள்கிறது. எழுதியது சரியா என்று பார்க்க எனக்குப் படிக்கத் தெரியாது. "யாரும் பாக்க மாட்டாங்கப்பா" என்றாள். யாரும் பார்க்காததை எதற்கு எழுத வேண்டும்? அதனால் எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை.

இப்போது நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடற்கரை. அருளப்பன் வீடு. உத்திரமேரூர் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் மாதா திருவிழாவுக்கு நடந்து வருகிற எங்கள் கூட்டம் இவன் வாசலில்தான் படுக்கும். போன மழையில் எங்கள் காலனி தீவாகக் கிடந்ததைக் கேட்டுவிட்டு, பழைய ஃபைபர் படகைச் சும்மா எடுத்துக்கொண்டு போ என்றான். ஏன் சும்மா? படகைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கல்லால் தட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு ஒட்டு.

"இன்னா அருளப்பா, ஒட்டுப் போட்டுகீது?"

"இருபது வருஷம் கடல்ல கெடந்த படகுண்ணே. ஒங்க முட்டியில ஒட்டு இல்லையா?"

சிரித்தேன். சந்தேகம் போகவில்லை.

இழுத்துப்போக என்னோடு ரஃபி வந்திருக்கிறான். உத்திரமேரூர் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாய் மகன். கரண்டில் ஓடும் சின்ன லாரி. பின்னால் கொக்கி. கொக்கியில் இரண்டு சக்கர டிரெய்லர், அதன்மேல் படகு. வண்டி கிளம்பினதும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. வயலில் பாம்புதான் இப்படி வரும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பலகை, அதில் எண். பாக்கி எவ்வளவு சார்ஜ் என்று அதுதான் சொல்லுமாம். எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். பஸ் ஏறி இறங்கிக் கற்றது.

ஒன்று பார்த்தேன். படகை ஏற்றியதும் ரஃபி பின்பக்கம் குனிந்து, அடியிலிருந்து ஒரு ரப்பர் தக்கையைப் பிடுங்கினான். டாஷ்போர்டு டப்பாவில் போட்டான். இப்போது படகில் ஓட்டை. அதில்லாமல் தண்ணீரில் இறக்கினால் முழுகிவிடும். எதற்கு எடுத்தான்? கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான்.

ஐப்பசி 10, திங்கள். வெயில். மாலையில் கருத்தது.

மாத்திரை போட்டேன். தண்ணீர் இல்லாமல் டீயில்.

சீர்காழி தாண்டியதும் பலகை எண் சரசரவென்று இறங்குகிறது. வரும்போது இப்படி இல்லை.

"வரும்போது காலி வண்டி நைனா. இப்ப இம்மாம் பெரிய படக இஸ்துக்கினு போறோம். காத்து வேற அதும்மேல மோதுது. பாதி தூரம்தான் போவும்."

காற்று மேல் பழி போடுகிறான்.

சிதம்பரத்துக்கு முன்னால் ஒரு ஓட்டலில் சார்ஜ் போடுமிடம். கார் நுழையும் அளவுதான் இடம். படகோடு போனால் திரும்ப முடியாது. கொக்கியைக் கழற்றி, படகை ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் கல் முட்டுக்கொடுத்து விட்டான்.

"உள்ள வந்து குந்து நைனா. ஃபேன் கீது."

"நான் படகுலயே கீறேன்."

"படகு எங்க பூடும்?"

"அதத்தான் நானும் பாக்கறேன்."

ஏறி உட்கார்ந்தேன். பைக்கில் போன இரண்டு பேர், "தாத்தா, கடல் அந்தப் பக்கம்!" என்று கத்திவிட்டுப் போனார்கள். ஒருத்தன் என்னைப் போட்டோ எடுத்தான். எதற்கோ. கீரைக்காரி ஒருத்தி மட்டும், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கேட்கிற மாதிரி, "எந்த ஊருக்குப் போறீங்க?" என்றாள். சொன்னேன். "தூரம்தான்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எங்கள் ஊர் இரண்டு துண்டு. மேட்டில் ஏரிக்கரை, கோயில், ஊர்க்காரர்கள். பள்ளத்தில் காலனி, நாங்கள். நடுவில் ஏரித் தண்ணீர் வழிந்து ஓடும் ஓடை. அதன்மேல் தரைப்பாலம். ஏரி நிரம்பினால் பாலம் முழுகும். கடை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் எதிர்க்கரை. அதற்குத்தான் இந்தப் படகு. அது எங்கள் பக்கம் நிற்க வேண்டும். எதிர்க்கரையில் பூட்டிக் கிடக்கிறது என்றால் எப்படி இருக்கும் என்று நான் ஒரு தடவை பார்த்தவன்.

ரஃபிக்குப் போன். அவன் மரத்துக்கு அந்தப்புறம் போய்ப் பேசினான். எனக்குக் கண்தான் மங்கல், காது இல்லை.

"வந்துக்கினே கீறோம்ண்ணே... ஆமாண்ணே, மேற்குக் கரை ஷெட்டாண்டதான்... சரிண்ணே, கெழவன நான் பாத்துக்கறேன்."

மேற்குக் கரை ஊர்ப்பக்கம். பேசியது எங்கள் ஊர்க் கவுன்சிலர். அந்தச் சின்ன ஊரில் அண்ணே என்று இவன் இழுப்பதற்கு வேறு ஆள் இல்லை.

ஒன்றும் கேட்காத மாதிரி இருந்தேன். சாயங்காலம் அவன் ஒதுங்கப் போனபோது டப்பாவைத் திறந்து ரப்பர் தக்கையை எடுத்தேன். படகின் ஓட்டையில் வைத்து, கல்லால் அடித்து இறுக்கிவிட்டேன். எங்கே கொண்டுபோய் விட்டாலும் சரி, மிதக்கிற படகாக இருக்கட்டும்.

புதுச்சேரிக்கு வெளியே தங்கல். வண்டிக்கு சார்ஜ், எங்களுக்கு பெஞ்சு. மழை பிடித்துக்கொண்டது. படகின்மேல் தார்ப்பாய் கட்டினான். நடுவில் கிழிசல்.

ஐப்பசி 11, செவ்வாய். விடாத மழை.

மாத்திரை மறந்தேன். மத்தியானம் ஞாபகம் வந்து போட்டேன்.

விடியலில் பலகையில் நூறு. மூன்று எண்ணையும் நானே பார்த்தேன். திண்டிவனம் வருவதற்குள் ஒற்றை எண், அதுவும் சிவப்பில். வண்டி முக்குகிறது. பின்னாலிருந்து தளக் தளக் என்று ஒரு சத்தம். சத்தமே இல்லாத வண்டியில் இது என்ன புதிதாக?

"பேட்டரியில தண்ணி பூந்துடுச்சா பாய்?"

"பேட்டரியில தளக்னு கேக்காது நைனா, இரு."

ஓரம் கட்டி இறங்கினான். தார்ப்பாயைத் தூக்கினான். பாதிப் படகுக்குத் தண்ணீர். இரவெல்லாம் பெய்தது கிழிசல் வழியாக உள்ளே இறங்கி, அப்படியே நிற்கிறது. டிரெய்லர் டயர் இரண்டும் சப்பை.

அவன் பின்பக்கம் குனிந்தான். தக்கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஸ்பேனரால் நெம்பிப் பிடுங்கினான். தண்ணீர் மாட்டு மூத்திரம் மாதிரி கொட்டு கொட்டென்று கொட்டி, பக்கத்து வயலுக்குப் போயிற்று. பார்த்துக்கொண்டே நின்றவன் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பாண்டிச்சேரியிலேர்ந்து ஒரு ஏரிய இஸ்துக்கினு வந்துகீறோம் நைனா!"

மழைத் தண்ணீர் வடியத்தான் அந்த ஓட்டையாம். ரோட்டில் போகும்போது திறந்திருக்க வேண்டும், இறக்கும்போது மூட வேண்டும். அருளப்பனுக்குத் தெரியும். சொல்லவில்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. தக்கை போட்டது யார் என்று ரஃபி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

படகைக் கழற்றி விட்டுவிட்டு, வெறும் வண்டியோடு திண்டிவனத்துக்கு சார்ஜ் போடப் போனான். நான் படகுக்கு அடியில், கோணியைப் போர்த்திக்கொண்டு. திரும்பி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன். வந்தான். பரோட்டா பார்சல், கவரில் டீ. சப்பை டயருக்குக் காற்றடிக்கப் பம்பு.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "இன்னாத்துக்கு நைனா இம்மாம் சந்தேகம்?"

"மேற்குக் கரையில வுடறேன்னு போன்ல சொன்னியே, நான் காதுல வாங்கலன்னு நெனச்சியா?"

பரோட்டாவைக் கீழே வைத்தான். "அவரு வூடு கட்டறாரு. கம்பி, சிமென்ட்டு எல்லாம் எங்க கடையிலதான் வாங்கறாரு. வாணாம்னு எப்டி சொல்றது?"

அப்புறம் நான் சொன்னேன். போனுக்கும் சொல்லி வைக்கிறேன்.

ஏரி உடைந்த வருஷம். காலனிக்குக் கரண்டு கம்பம் நட்டு, கம்பி இழுக்காமல் போன வருஷம். எனக்கு மீசை அரும்பிய வயசு. குடிசையெல்லாம் போய்விட்டது. மிச்சப்பட்டவர்கள் மாதா கோயில் மொட்டைமாடியில். தண்ணீர் ஏறுகிறது. எதிர்க்கரையில், மண்டபத்தில், சாமி ஏறும் தெப்பம். பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டியது. கண்ணுக்குத் தெரிகிறது. தூணோடு சங்கிலி, பூட்டு. கத்திக் கேட்டோம். சாமி ஏறுகிற தெப்பத்தில் நீங்கள் எப்படி ஏறுவது என்று பதில் வந்தது.

என் அண்ணன் ஏசுதாஸ் நீந்திப் போனான். தெப்பத்தோடு வந்தான். எல்லாரையும் நடை நடையாக ஏற்றி மேட்டில் இறக்கினான். முடிந்ததும் தெப்பத்தை இருந்த இடத்திலேயே கட்டிப் பூட்டினான். தண்ணீர் வடிந்ததும் ஊர் கூடிற்று. பூட்டு உடையவில்லை, அப்படியானால் சாவி யார் கொடுத்தது? தூணில் கட்டி வைத்துக் கேட்டார்கள். "கம்பி வுட்டுத் தொறந்தேன்" என்றான். அடித்தார்கள். கம்பி என்றான். மாட்டுக் கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தெரியாதவன் அவன். சாகிற வரைக்கும் கம்பிதான். இடது கை கடைசிவரை நிமிரவில்லை.

"நெஜமா யாரு குடுத்தது?" என்றான் ரஃபி.

"ஊர்ப்பக்கத்து ஆளு. செத்துட்டாங்க."

பொய். இவன் யாரிடம் போய்ச் சொல்வானோ.

ஐப்பசி 12, புதன். தூறல். கால் வீக்கம்.

மாத்திரை போட்டேன். ரஃபி ஞாபகப்படுத்தினான்.

மத்தியானம் எங்கள் கூட்டுரோடு. நினைத்த மாதிரியே கவுன்சிலர். கூட ஏழெட்டுப் பேர். படகுக்கு மாலை. ஒருத்தன் கையில் புதுச் சங்கிலி, புதுப் பூட்டு, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. இங்கிருந்து இடது பக்கம் மேடேறினால் மேற்குக் கரை. வலது பக்கம் இறங்கினால் தரைப்பாலம், அப்புறம் காலனி. பாலத்தின்மேல் கணுக்கால் தண்ணீர் ஓடுகிறது.

"எறங்கு பெருசு. ரொம்ப தூரம் குந்திக்கினே வந்துட்ட. ஷெட்டுல பத்திரமா பூட்டி வெக்கிறோம்."

"சாவி?"

"எங்கிட்டதான் இருக்கும். எப்ப வேணா போன் பண்ணு."

"தண்ணி வந்தா டவர் இருக்காது."

"ஆள அனுப்பு."

"எதுல அனுப்ப?"

பக்கத்தில் ஒருத்தன் சிரித்துவிட்டான். கவுன்சிலர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினான். ரஃபி பக்கம் கையை ஆட்டினார். "வண்டிய மேல ஏத்து பாய்."

ரஃபி பலகையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். தலையைச் சொறிந்தான்.

"சார்ஜ் இல்லண்ணே. மேடு ஏறாது. எறக்கத்துல உருட்டிக்கினு போலாம், அவ்ளோதான்."

"நாலு பேரு தள்ளறோம்."

"பாதி மேட்டுல நின்னுக்கினு பின்னால வந்துச்சின்னா, தள்றவங்க மேலதான் ஏறும். அப்புறம் எம்மேல பழி போடக் கூடாது."

யாரும் தள்ள வரவில்லை. சங்கிலி வைத்திருந்தவன் அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"நாளைக்கு எடுத்துக்கினு வந்துடணும்" என்றார் கவுன்சிலர்.

"பாலத்துல தண்ணி இல்லன்னா வரேண்ணே."

வண்டி வலது பக்கம் திரும்பிற்று. சத்தமே இல்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாலம் தாண்டி, காலனி மேடு ஏறி, மாதா கோயில் வாசலில் நின்றது. ஆம், ஏறித்தான் நின்றது. சின்ன மேடுதான், இருந்தாலும் மேடு.

பலகையில் இருந்தது 31. மூன்று, ஒன்று. 31 நம்பர் பஸ்ஸில் எத்தனை வருஷம் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறேன். எனக்கா தெரியாது?

ரஃபி தக்கையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "இப்ப அடி நைனா. நல்லா அடி."

கடைக்கு இனி அவர் வருவாரா என்று கேட்டேன். "தெர்ல" என்றான். தண்ணீர் ஏறுவதற்குள் போகவேண்டும் என்று டீ கூடக் குடிக்கவில்லை.

ஐப்பசி 13, வியாழன். ராத்திரி முழுக்க மழை. இப்போதும்.

மாத்திரை: வெள்ளை, மஞ்சள்.

பாலம் தெரியவில்லை. இடுப்பளவு ஓடுகிறதாம். படகு மணிக்கம்பத்தில் கட்டியிருக்கிறது. கயிறுதான். அவிழ்க்க யாருக்கும் கை போதும். காலையில் இரண்டு நடை போய் வந்தது: ஒன்று பால் எடுக்க, ஒன்று பெரிய ஜேம்ஸின் மருமகளுக்குச் சளி மருந்து. ஒட்டில் கசிகிறதா என்று விரலால் தடவினேன். இல்லை. நாளைக்கும் பார்க்க வேண்டும்.

எதிர்க்கரையில் ஒரு பொம்பளை குடை பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். படகையே பார்த்தபடி.

"கவுன்சிலரோட அம்மா இன்னாத்துக்கு மழையில நிக்குது?" என்றாள் ஸ்டெல்லா.

"புள்ளையோட ஷெட்டு முழுவிப்போச்சான்னு பாக்குதோ இன்னாவோ" என்றான் படகு ஓட்டுகிறவன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் கையைத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. போய்விட்டாள்.

படகில் என்ன பேர் எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாதா பேர் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். இந்தப் போனிடம் சொல்லத்தான்.

யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லட்டும். இல்லை, சொல்ல வேண்டாம். எழுதி மட்டும் வைத்துக்கொள்.

அந்த மொட்டைமாடியில் இருந்தவர்களில் அப்பா, அம்மா போய்விட்டார்கள். லூர்து, அவன் தங்கச்சி, உபதேசியார் குடும்பம், எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியாக வைகாசியில் மரியம்மா. அண்ணன் ஏசுதாஸ் போய்ப் பதினோரு வருஷம். சாவி இடுப்புக் கயிற்றிலிருந்து போனதே தெரியாமல் தூங்கிய மண்டபத்துக் காவல்காரனும் இல்லை. அதை உருவிக்கொண்டு ஓடிவந்தது அவன் மகள். பாவாடை கட்டிய பெண். அண்ணனை அடிக்கும்போது அவளும் கூட்டத்தில் நின்றாளாம். அண்ணன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. எனக்கு மட்டும் சொன்னான், அதுவும் சாகிற வாரம்.

என்னைத் தள்ளிவிட்டால், இது தெரிந்தவர்களில் உயிரோடு மிச்சம், குடை பிடித்து நின்ற அந்த ஒருத்தி.

சரோஜா.